லாசரஸின் முன் பம்பர்

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கலியாணப் பூசை. வியாழக்கிழமை விடிந்த பிறகும் மொரிஸ் மைனரின் முன் பம்பர் காரை விட்டுக் கழன்றபாடில்லை.

“நட் எல்லாம் துருப்பிடிச்சு இறுகிப்போச்சு, பேர்ணி” என்று ஹியூபேட் மூன்று கிழமையாக ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். எண்ணெய் விட்டிருக்கிறேன், ஊறட்டும் என்பார். நாளைக்கு என்பார். துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டிய மனுஷன் நாலு நட்டுக்கு முன்னால் கைகட்டி நிற்பதை மனைவி பேர்ணடெற்றால் அதற்கு மேலும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைப் படியில் வைத்துவிட்டு, ஒரு சாக்கை விரித்து, காருக்கடியில் தலையை விட்டாள். பத்து நிமிஷத்தில் நாலு நட்டும் அவள் உள்ளங்கையில் கிடந்தன. ஒன்றிலும் துரு இல்லை.

“துரு எங்க?” என்று கேட்டாள்.

ஹியூபேட் மேலே மின்கம்பியில் இருந்த காகத்தைப் பார்த்தார். “எண்ணெய் வேலை செய்திருக்கும்.”

அந்தப் பம்பரில் பேர்ணடெற்றின் வாய்ச்சொல் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் ஷெரோமிக்கு வாய்த்த மாப்பிள்ளை சயந்தன் வெள்ளவத்தைப் பெடியன்; குணம் நல்லது, கதை குறைவு. அவனுடைய தாய் நேசம் யாழ்ப்பாணத்து வேதக்காரி, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். எதிரே இருப்பவரோடு கதைக்கும்போதே அவர் கொப்பியைத் திருத்துவதுபோல ஒரு பார்வை. சீதனம் என்ற பேச்சே எடுக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் போன மாதம் கொட்டாஞ்சேனையில் பெண் வீட்டுக்கு வந்தபோது, ஒழுங்கைக்குள் நின்ற மொரிஸ் மைனரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இளம்பச்சை நிறத்தில் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. முன் பம்பருக்கு வந்ததும் நின்றுவிட்டார். வருஷா வருஷம் பூசிய வெள்ளிப் பெயிண்ட் ஒன்றின் மேல் ஒன்றாகத் தடித்து, காய்ந்த குளத்துச் சேறு மாதிரி வெடித்துக் கிடந்தது.

“பிள்ளை உடுத்திக்கொண்டு இதிலயோ வாறது?” என்றார். “நாங்கள் எங்களுக்கு வெள்ளைக் கார் ஒண்டு பிடிக்கிறம். பிள்ளைக்கும் ஒண்டு சேர்த்துப் பிடிச்சு அனுப்பிவிடுறம்.”

“எங்கட பிள்ளை எங்கட காரிலதான் வரும்” என்றாள் பேர்ணடெற். “பம்பரை நான் பாத்துக்கொள்ளுறன். அது என்ட வேலை.”

“அப்ப வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு கோல் எடுக்கிறன். அதுக்குள்ள ரெடியில்லையெண்டால் எங்கட கார் வரும். சரிதானே?”

“சரி.”

அது வீம்புக்குச் சொன்ன வார்த்தை இல்லை. உண்மையிலேயே அது அவள் வேலை. ஸஹாப்தீனின் முலாம் பூசும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக மினுக்கிற மெஷினுக்கு முன்னால் நிற்கிறவள் அவள்தான். நிக்கலும் குரோமும் தொட்டியில் பூசுவது ஸஹாப்தீன். ஆனால் முலாம் எதையும் மறைக்காது, அடியில் இருக்கிற கீறலை இரண்டு மடங்காக்கிக் காட்டும். அடியைக் கண்ணாடியாக்குவது பேர்ணடெற். மூக்கில் பழைய சீலைத்துண்டு, முழங்கை வரை கரி, மாலையில் துப்பினால் எச்சிலும் கறுப்பு. கொழும்பில் கலியாண வாடகைக்கு ஓடுகிற பழைய கார்களில் பாதிக்காவது அவள் வயிற்றில் அணைத்து மினுக்கிய பம்பர் இருக்கும்.

சொந்த வீட்டுக் காருக்கு மட்டும் இந்தக் கோலம். அதற்குக் காரணம் மாமனார் லாசரஸ். அந்த மனுஷன் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் வின்ச் வேலை செய்தவர். “முன் பம்பருக்கு ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் ஒரு பூச்சு வெள்ளிப் பெயிண்ட். விடப்படாது. விட்டால் கடல் காத்து திண்டுபோடும்” என்று ஒரு கட்டளை போட்டிருந்தார். அவர் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷமாகியும் கட்டளை சாகவில்லை. டிசம்பர் இருபத்துநாலாந் திகதி பின்னேரம் ஹியூபேட் பெயிண்ட் பேணியைத் திறப்பார். வாசலில் தொங்கவிடும் நட்சத்திரத்துக்கு ஒரு பூச்சு, இரும்புக் கேற்றுக்கு ஒரு பூச்சு, மிச்சம் பம்பருக்கு. பின் பம்பரை அவர் தொடுவதில்லை. அது துருப்பிடித்து ஓட்டை விழுகிற நிலைக்கு வந்தும், யாருக்கும் அதைப்பற்றிக் கவலை இருந்ததில்லை. அதைப் போன கிழமைதான் பேர்ணடெற் ஒட்டு வைத்து மினுக்கிக் கொடுக்க, ஸஹாப்தீன் குரோம் ஏற்றி, இப்போது அது முகம் பார்க்கிற மாதிரி மின்னுகிறது.

பம்பரைச் சாக்கில் சுற்றி முச்சக்கர வண்டிக்குள் குறுக்கே வைத்தார்கள். இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. “நானும் வாறன்” என்று ஹியூபேட்டும் நெருக்கியடித்து ஏறினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பட்டறைப் பக்கம் வந்தது இரண்டு தரம். இது மூன்றாவது.

ஸஹாப்தீன் பம்பரைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் இறக்கினார். வெள்ளிப் பெயிண்ட் கொதிக்கிற பால் மாதிரி நுரைத்துக்கொண்டு மேலே வந்தது. ஐம்பது கிறிஸ்மஸ் ஒன்றாகக் கரைந்தது. கொக்கியால் தூக்கி, தண்ணீர் அடித்து, வெளிச்சத்துக்குப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார்.

“பேர்ணடெற், இங்க வாங்க. இது என்தா சாமான்?”

நுரை வழிந்த இடமெல்லாம் மஞ்சளாக இருந்தது. பேர்ணடெற் தன் கண்ணை நம்பாமல் அரத்தை எடுத்து உள்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தாள். கோடு பளிச்சென்று மஞ்சளாய் விழுந்தது.

“இரும்பில்ல” என்றார் ஸஹாப்தீன். “பித்தள. சும்மா பித்தளயும் இல்ல. இந்தத் தடிப்பு கப்பல் சாமானுக்குத்தான் ஈக்கும். நல்ல வேளை அசிட்டுக்குள்ள போடல்ல. போட்டிருந்தா தொட்டியும் நாசம், சாமானும் நாசம்.”

பேர்ணடெற் மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். ஹியூபேட் ஒரு சோடா மூட்டையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார்.

“உங்களுக்குத் தெரியும்.”

“எனக்கென்ன தெரியும்?”

“இல்லாத துருவுக்கு மூண்டு கிழமை எண்ணெய் விட்ட ஆளுக்குத் தெரியாமல் இருக்குமா? சொல்லுங்க.”

ஹியூபேட் பட்டறை வாசலை எட்டிப் பார்த்தார். ஒழுங்கையில் ஒரு பூனையைத் தவிர யாரும் இல்லை. அப்படியும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

எழுபத்துநாலாம் ஆண்டு ஒரு லொறி இடித்து மொரிஸ் மைனரின் முன் பம்பர் மடிந்து போனது. அந்தக் காலம் வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம். பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில்கூட ஒரு பம்பர் இல்லை. லாசரஸ் வேலை செய்த கப்பல் ஒன்றில் ஏணிப்படித் தகடுகளைக் கழற்றி மாற்றினார்கள். கழற்றிய பித்தளைத் தகட்டில் ஒன்றை அவர் இரண்டாக வெட்டி, ஒரு நாளைக்கு ஒரு துண்டாகக் காற்சட்டைக்குள் காலோடு கட்டிக்கொண்டு துறைமுக வாசலால் வெளியே வந்தார்.

“கால் மடியாதே” என்றாள் பேர்ணடெற்.

“மடியாதுதான். வாதம் பிடிச்சு இழுக்குது எண்டு சொல்லியிருக்கிறார். பிறகு கள்ளம் பிடிபடாமல் இருக்க ஒரு கிழமை முழுக்கக் காலை இழுத்து இழுத்து நடந்தவர். வாசல் காவல்காரன் பாவப்பட்டு ஒரு போத்தல் தைலம் வாங்கிக் குடுத்தவன்.”

ஸஹாப்தீன் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

“நான் அப்ப எட்டு வயசுப் பெடியன். மணல் மூட்டையில வைச்சு ரெண்டு துண்டையும் ஒட்டி, அடிச்சு அடிச்சு வளைச்சார். மஞ்சளாக் கிடந்தால் காவல்காரன் கண்டுபிடிச்சிடுவான் எண்டு வெள்ளிப் பெயிண்ட். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு முன்னால என்னை முழங்கால்ல நிக்க வைச்சு, ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் வாங்கினவர்.”

“எனக்குமா?”

“ஆருக்கும் எண்டால் ஆருக்கும்தானே.”

பேர்ணடெற் மூக்கில் கட்டியிருந்த சீலைத்துண்டை இறக்கினாள். சிரிப்பு அடிவயிற்றில் இருந்து வந்தது. இருபத்தாறு கிறிஸ்மஸ் அவளும் அந்தப் பெயிண்ட் பேணியைக் கலக்கிக் கொடுத்திருக்கிறாள். ஊரான் வீட்டுப் பம்பரெல்லாம் தட்டிப் பார்த்து உலோகம் சொல்லுகிறவள், சொந்த வீட்டில் பித்தளைக்குப் பெயிண்ட் கலக்கியிருக்கிறாள்.

“சிரிக்காதே” என்ற ஹியூபேட் ஸஹாப்தீனிடம் திரும்பினார். “நானா, நீங்க கெதியாக் குரோமை ஏத்தி மூடுங்க. வெள்ளையாப் போகட்டும்.”

ஸஹாப்தீன் பம்பரை பேர்ணடெற்றிடம் நீட்டினார். அவள் கண்ணை மூடி, விரல் நுனியால் ஒரு முனையில் இருந்து மறு முனைக்குத் தடவிப் பார்த்தாள். முகப்பு முழுக்கச் சுத்தியல் குழிகள், பெரியம்மைத் தழும்பு மாதிரி. குரோம் ஏற்றினால் ஒவ்வொரு குழியும் கத்திக் காட்டிக்கொடுக்கும். அரம் வைத்துச் சமப்படுத்தினால் வளைவில் தகடு மெலிந்து கிழியும். செம்பு ஏற்றிக் குழியை நிரப்பி நிரப்பி மினுக்கலாம்.

“செம்பு நிரப்ப எத்தின நாள், நானா?”

“ஒழுங்காச் செய்ற எண்டா நாலு.”

இருந்தது ஒன்றரை நாள். வெள்ளைக் கார் ஒழுங்கைக்குள் பின்பக்கமாக வந்து நிற்பதும், அயலட்டைச் சனம் எட்டிப் பார்ப்பதும் பேர்ணடெற்றுக்குக் கண்முன்னே தெரிந்தது. பம்பரை மறுபடி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அரம் கீறிய இடம் பொன்னாக மினுங்கியது.

“முலாம் வேண்டாம்” என்றாள். “இப்பிடியே மினுக்கிறன்.”

“பித்தளையாவா?” ஹியூபேட் எழும்பிவிட்டார். “பென்சனை நிப்பாட்டிப் போடுவாங்கள்.”

“அம்பது வருஷத்துக்கு முந்தின தகட்டுக்கா? அந்தக் காவல்காரன் இருந்தால் நூறு வயசு. வந்தால் நான் அவருக்கு ஒரு போத்தல் தைலம் குடுக்கிறன்.”

“முன்னுக்கு மஞ்சள், பின்னுக்கு வெள்ளை. பாக்கிற சனம் சிரிக்கும்.”

“என்தேக்குச் சிரிக்கிற?” என்றார் ஸஹாப்தீன். “வரக்கொள பவுன், போகக்கொள வெள்ளி. பொண்ணுக்கு இதவிட என்தா வேணும்?”

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு பேர்ணடெற் மெஷினைப் போட்டாள். மினுக்குகிற சக்கரமாக முதலில் சணல் சில்லு, பிறகு சீலைச் சில்லு. மினுக்குக் கட்டியைச் சில்லில் தேய்த்து, பம்பரை வயிற்றில் அணைத்து, இடுப்பால் தள்ளித் தள்ளிக் கொடுத்தாள். பித்தளை இரும்பு மாதிரி முரண்டு பிடிக்காது, ஆனால் கெதியாகச் சுடும். கையுறைக்குள் விரல் வெந்தது. குழிகளைச் சமப்படுத்தாமல் ஒவ்வொரு குழிக்குள்ளும் சில்லின் ஓரத்தை விட்டு மினுக்கினாள். ஒரு சாண் முடிய ஒரு மணித்தியாலம் போனது.

இரண்டு மணிக்கு அவள் அசந்துபோன ஒரு நொடியில் சில்லு பம்பரின் முனையைக் கவ்வியது. கையில் இருந்ததைப் பிடுங்கி, முழங்கையில் ஒரு அடி போட்டு, சுவரில் கொண்டுபோய் அறைந்தது. ஸஹாப்தீன் ஓடிவந்து மெஷினை நிறுத்தினார்.

“கைய காட்டுங்க.”

“கை கிடக்கட்டும். பம்பரைப் பாருங்க.”

ஒட்டு பிரியவில்லை. லாசரஸ் வைத்த ஒட்டு. முனை மட்டும் உள்ளே மடிந்திருந்தது. மணல் மூட்டையில் வைத்து மரச்சுத்தியலால் தட்டி எடுத்தாள். முழங்கை வீங்கி நீலம் பாய்ந்தது. சீலைத்துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி சில்லுக்கு முன்னால் நின்றாள்.

சரியாக நாலு மணிக்கு போன் அடித்தது. நேசம் ஒரு நிமிஷம் பிந்துகிற ஆள் இல்லை.

“பம்பர் ரெடியோ?”

பேர்ணடெற் பம்பரைப் பார்த்தாள். மூன்றில் ஒரு பங்கு இன்னும் மினுக்காமல் கிடந்தது.

“ரெடி. கார் ஒண்டும் அனுப்ப வேண்டாம்” என்றாள்.

வேலையைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் அது. ஆறு மணிக்கு அது உண்மையாகிவிட்டது.

சனிக்கிழமை காலை ஒழுங்கைக்குள் வெயில் விழுந்த நேரம் ஷெரோமி வெள்ளைக் கவுணைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வந்தவள் காருக்கு முன்னால் நின்றுவிட்டாள். ஒவ்வொரு குழியிலும் ஒரு சூரியன் இருந்தது.

“அம்மா, எனக்குப் போட்ட பவுனைவிட இதுக்குக் கூடப் போட்டிருக்கிறீங்க.”

“ஏறு. கவுண் கரியாகும்.”

“முதல்ல கொச்சிக்கடை. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தாமல் நான் பூசைக்கு வரமாட்டன்.”

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஹியூபேட் திரும்பிப் பார்த்தார். கொச்சிக்கடை என்றால் துறைமுகத்து மதில் ஓரமாகத்தான் போகவேண்டும். “வீட்டிலயே கொளுத்தினால் அவர் ஏற்கமாட்டாரா?” என்று கேட்டுப் பார்த்தார். பின்சீற்றில் இருந்து தாயும் மகளும் ஒரே குரலில் “போங்க” என்றார்கள்.

மெழுகுதிரி கொளுத்தித் திரும்பும்போது, மதில் முடிகிற சந்தியில், ஒரு பொலிஸ்காரன் கையை நீட்டி நிறுத்தினான். இளம் பெடியன், இருபத்தைந்துக்கு மேல் இராது. காருக்கு முன்னால் வந்து, குனிந்து, பம்பரை ஒரு முனையில் இருந்து மறு முனை வரை பார்த்துக்கொண்டே நடந்தான்.

“மேக்க ரத்தரங் த, அங்கிள்?” இது தங்கமா என்று சிங்களத்தில் கேட்டான்.

“பித்தள” என்றார் ஹியூபேட். “மகே தாத்தா…” என் அப்பா என்று தொடங்கிவிட்டார். ஐம்பது வருஷத்துச் சத்தியம் தொண்டைவரை வந்துவிட்டதைக் கண்ட பேர்ணடெற், பின்னால் இருந்து கையை விட்டு அவர் தோளில் ஒரு நுள்ளு நுள்ளினாள்.

“தாத்தா செய்தது” என்று சிங்களத்திலேயே முடித்துவைத்தாள். “கையால் அடித்தது.”

“மாரு, அங்கிள். மாரு.” பிரமாதம் என்று மெச்சிய பொலிஸ்காரன் தொப்பியைச் சரிசெய்து, போனை எடுத்து, பம்பரோடு சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டான். பிறகு நடுவீதிக்குப் போய் இரண்டு பக்கத்து வாகனங்களையும் நிறுத்தி, மொரிஸ் மைனருக்கு மட்டும் வழிவிட்டான்.

ஹியூபேட் ஒரு நூறு யார் தூரம் பின்பக்கக் கண்ணாடியில் பொலிஸ்காரனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அதற்குப் பிறகு ஹோர்னில் கைவைத்தார். பூசை நடக்கும் லூசியாள் கோவில் வாசல் வரைக்கும் கையை எடுக்கவில்லை.

கோவில் முற்றத்தில் நேசம் பட்டுச் சேலையில் நின்றார். சனமெல்லாம் பெண்ணைப் பார்க்க ஓட, அவர் நேரே பம்பருக்கு வந்தார். கைலேஞ்சியை எடுத்து ஒரு இடத்தில் துடைத்து, கைலேஞ்சியைத் திருப்பிப் பார்த்தார். அது வெள்ளையாகவே இருந்தது.

“குரோம் எண்டல்லோ நினைச்சனான்.”

“நான் பம்பரைப் பாத்துக்கொள்ளுறன் எண்டுதான் சொன்னனான்” என்றாள் பேர்ணடெற்.

“ஆர் அடிச்சது?”

“என்ட மாமனார்.”

“இப்பிடித் தடிச்ச பித்தளை அந்தக் காலத்தில எங்கால எடுத்தவர்?”

ஹியூபேட்டுக்கு இருமல் வந்தது.

“சரியாக் கஷ்டப்பட்டவர்” என்றாள் பேர்ணடெற். “ஒரு கிழமை கால் நிலத்தில ஊண்ட ஏலாமல் இழுத்து இழுத்து நடந்தவர்.”

“பாவம்” என்றார் நேசம். பேர்ணடெற்றின் முழங்கையில் சேலைத் தலைப்புக்குள் மறையாத நீலத்தை அப்போதுதான் கண்டார். கைலேஞ்சியை மடித்து வைத்துவிட்டு, அந்தக் கையாலேயே சம்பந்தியின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்குள் போனார்.

பூசை முடிந்து மணி அடித்தது. பூச்சரம் கட்டிய வெள்ளைக் காரின் கதவைச் சாரதி திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். சயந்தன் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காமல் ஷெரோமியைக் கூட்டிக்கொண்டு மொரிஸ் மைனரின் பின்சீற்றில் ஏறினான். முன்கதவில் கைவைக்கப் போன பேர்ணடெற்றுக்கு முன்னால் ஒரு பட்டுச் சேலை வந்து நின்றது.

“முன்னுக்கு நான் இருக்கட்டோ?” என்று நேசம் கேட்டார். “சின்ன வயசில மாமா ஒருத்தர் இப்பிடி ஒரு கார் வைச்சிருந்தவர். ஒருநாளும் என்னை ஏத்தினதில்லை.”

“இருங்க” என்றாள் பேர்ணடெற். வேறென்ன சொல்வது.

அப்படித்தான், எங்கட பிள்ளை எங்கட காரில் என்று சொன்னவள் விருந்து நடக்கும் வெள்ளவத்தை மண்டபத்துக்கு நேசத்தின் வாடகைக் காரில், ஏசிக் குளிரில், தனியாகப் போகவேண்டி வந்தது. காலி நகருக்குப் போகிற காலி வீதியில் மொரிஸ் மைனர் முன்னே போனது. பஸ்ஸில் தொங்கியவர்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். கடை வாசலில் நின்றவர்கள் போனைத் தூக்கினார்கள். நேசத்தின் கை ஜன்னலுக்கு வெளியே வந்து எல்லாருக்கும் ஆட்டிக்கொண்டிருந்தது, தனக்குத்தான் கலியாணம் என்பதுபோல.

பேர்ணடெற்றுக்கு முன் பம்பர் தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்தது பின் பம்பர். அதில் வெள்ளவத்தை முழுதும் வளைந்து வளைந்து ஓடியது. பஸ், பழக்கடை, சேலைக்கடைப் பொம்மைகள், பின்னால் வருகிற வெள்ளைக் கார், அதற்குள் அவள். சிவப்பு விளக்கில் கார்கள் நின்றபோது முன்கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தாள். இடது மூலையில் ஒரு விரல் அகலத்துக்கு மங்கல். ஸஹாப்தீனுக்கும் தப்பியிருக்கிறது, தனக்கும் தப்பியிருக்கிறது.

“என்ன அன்ரி, ஏதும் மறந்திட்டீங்களா?” என்று சாரதி கேட்டான்.

“இல்லை, மகன். திங்கட்கிழமை வேலை ஒண்டு இருக்கு.”

விளக்குப் பச்சையாகியது. முன்னால் ஹியூபேட் மறுபடி ஹோர்னில் கைவைத்தார்.